எண் எங்கிருந்து வந்தது? மிதிவெடி எதிர்ப்புக்கு ஒரு வளநூலகம்

1999 மே மாதம் மொசாம்பிக் தலைநகர் மபுத்தோவில், மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் முதன்முறையாகக் கூடின. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஓர் அறிக்கை அங்கே வெளியானது. 'லேண்ட்மைன் மானிட்டர்' என்று அதற்குப் பெயர். மிதிவெடியைத் தயாரிப்பது யார், விற்பது யார், கிடங்கில் வைத்திருப்பது யார், இன்னும் புதைத்துக்கொண்டிருப்பது யார், அகற்றும் வேலை எங்கே நடக்கிறது, காலிழந்தவருக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று நாடு நாடாக எடுத்துச் சொன்னது அந்த அறிக்கை. அதை எழுதியது எந்த அரசும் இல்லை, ஐ.நா. சபையும் இல்லை. பல நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்த 'மிதிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கம்' எழுதியது. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் ஒன்றை அரசுசாரா அமைப்புகள் ஒன்றுகூடி முறைப்படி கண்காணிக்கத் தொடங்கியது அதுவே முதல் தடவை.

இந்த இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டு காட்சிகள்தாம் நினைவுகூரப்படுகின்றன. 1997 ஜனவரியில் அங்கோலாவில் பாதுகாப்புக் கவசம் அணிந்து நடந்த இளவரசி டயானா ஒன்று. அதே ஆண்டில் இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்த அமைதி நோபல் பரிசு மற்றொன்று. அந்தப் படங்களுக்கு முன்னும் பின்னும் நடந்த வேலை பெரும்பாலும் தாளில் நடந்தது. அறிக்கை சேகரிப்பது, எண்ணைச் சரிபார்ப்பது, அரசு சொன்னதை அதே அரசு போன ஆண்டு சொன்னதோடு ஒப்பிடுவது ஆகியவை அந்த வேலை. மிதிவெடிக்கு எதிராக ஒரு வளநூலகம் அமைக்க நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடமும் அதுவே. புத்தகம் எத்தனை இருக்கிறது என்பது பிறகு. 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடிகிறதா என்பதே அத்தகைய நூலகத்துக்கான முதல் தேர்வு.

ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஓர் ஆவணம்

1991இல் கம்போடியாவின் மிதிவெடிகளைப் பற்றி இரண்டு மனித உரிமை அமைப்புகள் 'கோழைகளின் போர்' என்ற அறிக்கையை வெளியிட்டன. அறுவை சிகிச்சைக் கூடங்களிலும் கிராமங்களிலும் திரட்டிய தகவல்கள் அதில் இருந்தன. மிதிவெடிகளைக் கவனமாகப் பயன்படுத்தச் சொல்வது போதாது, அவற்றை முழுமையாகத் தடை செய்ய வேண்டும் என்று கேட்ட முதல் குரல்களில் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஆறு அமைப்புகள் கூடி இயக்கத்தைத் தொடங்கின. ஊனமுற்றோருக்கு உதவுவோர், மருத்துவர்கள், கண்ணிவெடி அகற்றுவோர், மனித உரிமையாளர்கள், வியட்நாம் போரில் பங்கெடுத்த முன்னாள் படைவீரர்கள் என்று அவர்கள் பலதரப்பட்டவர்கள். ஒவ்வொருவரும் தம் தொழிலின் சான்றுகளோடு வந்தார்கள். 1993இல் 500 பக்கங்களுக்கு மேற்பட்ட 'மிதிவெடிகள்: ஒரு கொடிய மரபுரிமை' என்ற தொகுப்பு வந்தது. தயாரிப்பு, வணிகம், சட்டம், மருத்துவம் நான்கையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்த நூல் அது.

தடைக்கு எதிராக நின்ற வலுவான வாதம் இராணுவத்தினருடையது. மிதிவெடி இல்லாமல் எல்லையைக் காக்க முடியாது என்றார்கள். இதற்கு மனிதாபிமான வேண்டுகோளால் பதில் சொல்ல முடியாது என்பதைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு புரிந்துகொண்டது. பிரிட்டிஷ் இராணுவப் பொறியியல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பிரிகேடியரைக் கொண்டு, 1940 முதல் நடந்த 26 போர்களில் மிதிவெடி என்ன சாதித்தது என்று ஆராயச் சொன்னது. 'நண்பனா பகைவனா' என்ற கேள்வியைத் தலைப்பில் தாங்கி 1996இல் அந்த ஆய்வு வெளியானது. போரின் முடிவைத் தீர்மானிப்பதில் மிதிவெடிக்குப் பெரிய பங்கில்லை. அதனால் கிடைக்கும் சிறிய பயன் அது விளைவிக்கும் மனித இழப்புக்கு ஈடாகாது என்பது அதன் முடிவு. அதே ஆண்டு ஏப்ரலில், வளைகுடாப் போரை நடத்திய நார்மன் ஷ்வார்ஸ்கோப் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அமெரிக்கத் தளபதிகள் 15 பேர் தடையை ஆதரித்து அதிபர் கிளின்டனுக்கு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இராணுவ வாதத்துக்கு இராணுவத்தின் வாயிலிருந்தே பதில் வந்தது.

அக்காலத்தில் ஜெனீவாவில் நடந்த மரபுவழி ஆயுதங்கள் உடன்படிக்கையின் மறுஆய்வுக் கூட்டங்களில், முழுத் தடையை வெளிப்படையாக ஆதரித்த நாடுகளின் 'நல்ல பட்டியல்' ஒன்றை இயக்கத்தினர் வைத்திருந்தார்கள். கூட்டம் தோறும் அது நீண்டது. அந்தப் பட்டியலிலிருந்த நாடுகளை நம்பித்தான் 1996 அக்டோபரில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வர்தி, ஓராண்டுக்குள் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வாருங்கள் என்று ஒட்டாவாவில் அழைப்பு விடுத்தார். 1997 டிசம்பரில் 122 நாடுகள் அதே ஒட்டாவாவில் கையெழுத்திட்டன. ஒரு சிறு பட்டியலைக் கூட்டம் தவறாமல் புதுப்பித்து வைத்ததற்கு இவ்வளவு விளைவு இருந்தது.

இந்த வரலாற்றில் நூலகருக்கு ஒரு பாடம் இருக்கிறது. பலன் தந்த ஆவணம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒருவரின் குறிப்பிட்ட ஆட்சேபத்துக்குப் பதிலாக உருவானது. ஆகவே நூலகத்தின் பட்டியலையும் யார் வந்து என்ன கேட்பார்கள் என்பதை வைத்தே அமைக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர், இராணுவ அதிகாரி, பள்ளி ஆசிரியர், காலிழந்தவர், செய்தியாளர் ஆகிய ஐவரும் ஐந்து வேறு கதவுகள் வழியே உள்ளே வருகிறார்கள்.

பதினொரு கோடி

இயக்கம் வேகமாக வளர்ந்த காலத்தில் ஓர் எண் எல்லா மேடைகளிலும் ஒலித்தது: உலகில் 11 கோடி மிதிவெடிகள் புதைந்துகிடக்கின்றன என்பது அது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் 'மறைந்திருக்கும் கொலையாளிகள்' என்ற அறிக்கைகள் சொன்ன மதிப்பீட்டு வீச்சின் மேல் எல்லை அது. மேல் எல்லை என்ற குறிப்பு வழியில் எங்கோ உதிர்ந்துபோக, எண் மட்டும் பயணம் செய்தது. 1998இல் வெளிவந்த பதிப்பில் அதே துறை மதிப்பீட்டை 6 முதல் 7 கோடியாகக் குறைத்தது. தடையை எதிர்த்தவர்களுக்கு இது வசதியாகிவிட்டது. எண்ணே தவறென்றால் கோரிக்கையும் மிகைதானே என்றார்கள்.

எண் தவறாகிப்போனதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இதற்குள் இருக்கிறது. எத்தனை மிதிவெடி என்பது அகற்றும் வேலைக்கு அவ்வளவாக உதவாத கேள்வி. ஒரு வயலில் பத்து இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் உழவர் அங்கே இறங்க மாட்டார். எத்தனை சதுர கிலோமீட்டர் நிலம் முடங்கியிருக்கிறது, அதை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது, சென்ற ஆண்டு அங்கே எத்தனை பேர் காயப்பட்டார்கள் என்பவைதாம் பயனுள்ள கேள்விகள். லேண்ட்மைன் மானிட்டர் தொடக்கத்திலிருந்தே நிலப்பரப்புக்கும் உயிரிழப்புக்கும் அழுத்தம் கொடுத்தது. களத்தில் வேலை செய்தவர்களின் அனுபவமும் அதே திசையில் சென்றது. முதல் கணக்கெடுப்புகளில் 'சந்தேகத்துக்குரிய நிலம்' என்று வட்டமிடப்பட்ட பெரும்பரப்புகள் மறுஆய்வில் வெகுவாகச் சுருங்கின. மொசாம்பிக்கில் 2007, 2008 ஆண்டுகளில் நடந்த மறுகணக்கெடுப்பு அத்தகைய பல இடங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. உண்மையில் எங்கே தோண்ட வேண்டும் என்பது தெளிந்த பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. 2015 செப்டம்பரில் அந்த நாடு தன் மிதிவெடி வயல்கள் அனைத்தும் அகற்றப்பட்டதாக அறிவித்தது.

எனவே நூலகத்தில் ஓர் எண் நுழையும்போதே அதனோடு ஒரு சீட்டு ஒட்டப்பட வேண்டும். யார் சொன்னது, எந்த ஆண்டுக்கு, எண்ணியதா மதிப்பிட்டதா, படையினரும் சேர்த்தியா, வெடிக்காத குண்டுகளால் வந்த காயமும் இதில் அடங்குமா என்பவை அந்தச் சீட்டில் இருக்கும். 2023ஆம் ஆண்டில் மிதிவெடிகளாலும் போரில் எஞ்சிய வெடிபொருட்களாலும் உலகில் குறைந்தது 5,757 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காயமடைந்தார்கள் என்று மானிட்டர் சொல்கிறது. இதிலுள்ள 'குறைந்தது' என்ற சொல்லை எடுத்துவிட்டால் எண் பொய்யாகிவிடும். 'காயமடைந்தார்கள்' என்பதை விட்டால் இன்னும் பெரிய பொய். பாதிக்கப்பட்டோரில் 84 விழுக்காட்டினர் பொதுமக்கள் என்பதும் போராளியா பொதுமகனா என்று தெரிந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. இந்த நுணுக்கங்களைத் துண்டறிக்கையில் எழுத இடமிருக்காது. எழுதுபவர் தொலைபேசியில் கேட்டால் அடுத்த நிமிடம் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் நூலகர்.

அலமாரிகள்

இத்தகைய நூலகத்துக்கு மாளிகை வேண்டியதில்லை. ஓர் அறை, நான்கைந்து அலமாரி, ஒரு கணினி, முழுநேரமாக ஒருவர் போதும். எதைச் சேர்ப்பது என்பதில்தான் யோசனை வேண்டும்.

சட்டத்துக்கும் அரசுகளின் கூற்றுக்கும் முதல் அலமாரியை ஒதுக்கலாம். ஒப்பந்தத்தின் 4ஆம் உறுப்பு கையிருப்பை நான்கு ஆண்டுக்குள் அழிக்கச் சொல்கிறது. 5ஆம் உறுப்பு புதைந்திருப்பவற்றைப் பத்து ஆண்டுக்குள் அகற்றச் சொல்கிறது. 7ஆம் உறுப்பின்படி ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் தன் நிலையை அறிக்கையாகத் தர வேண்டும். பிரச்சாரகரின் கையில் மிக வலுவான கருவி இந்த 7ஆம் உறுப்பு அறிக்கைகளே. அவற்றைத் தனித்தனியாகப் படித்தால் சுவையற்ற படிவங்களாகத் தெரியும். பத்து ஆண்டு அறிக்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை பேசத் தொடங்கும். ஓர் எடுத்துக்காட்டு: அகற்றும் பயிற்சிக்காகச் சிறிதளவு மிதிவெடிகளை வைத்துக்கொள்ள 3ஆம் உறுப்பு அனுமதிக்கிறது. சில நாடுகளின் அறிக்கையில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே நின்றது. பயிற்சியில் எதுவும் செலவாகவில்லை என்றால் அது பயிற்சிக்கான இருப்பா, கைவசம் வைத்துக்கொள்ளும் இருப்பா என்று கண்காணிப்பாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஒரே ஆண்டின் அறிக்கையிலிருந்து பிறந்திருக்க முடியாது. விடுபடாத வரிசை வேண்டும். வரிசையைக் காப்பது நூலகத்தின் வேலை.

ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்கும் அங்கே இடம் வேண்டும். இந்தியா இதில் சேரவில்லை. ஆனால் மரபுவழி ஆயுதங்கள் உடன்படிக்கையின் திருத்திய இரண்டாம் நெறிமுறையை ஏற்றிருக்கிறது. புதைத்த இடத்தைப் பதிவுசெய்ய வேண்டும், வேலியிட வேண்டும் போன்ற கடமைகள் அந்த நெறிமுறையில் உண்டு. 2001 டிசம்பருக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லை நெடுகிலும் விளைநிலங்களில் இந்திய இராணுவம் மிதிவெடிகளைப் புதைத்தது, பின்னர் அகற்றியது. பஞ்சாப், ராஜஸ்தான் உழவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதைத் தமிழில் தேடுபவருக்கு ஒரு கோப்பாவது கிடைக்க வேண்டும்.

அகற்றும் தொழில்முறை இரண்டாவது அலமாரி. சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கைத் தரநிலைகள், கணக்கெடுப்பு முறைகள், 1998இல் தொடங்கிய ஜெனீவா மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் மையத்தின் வெளியீடுகள், அமெரிக்காவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 1990களில் தொடங்கிய துறைசார் இதழ் ஆகியவை இங்கே வரும். இதில் ஓர் எல்லைக்கோடு போட வேண்டியிருக்கிறது. வெடியை அடையாளம் காண உதவும் படம் எல்லோருக்கும் பொது. செய்யவும் மாற்றியமைக்கவும் சொல்லித்தரும் கையேடு இந்த நூலகத்துக்கு வேண்டாம்.

மருத்துவமும் மறுவாழ்வும் மூன்றாவது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், ஆப்கானிஸ்தான் முதல் கம்போடியா வரை சென்றது. வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் சேற்றில் இறங்கவும் தோதான செயற்கைக்கால் அது. விலை, தேய்மானம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வளரும் குழந்தைக்கு எத்தனை முறை என்பன போன்ற விவரம் இல்லாமல் உதவித்தொகைக்கான கோரிக்கையை எந்த அமைச்சகத்திலும் வைக்க முடியாது.

நான்காவது, ஆபத்துக் கல்வி. இங்கே வெற்றிபெற்றவற்றோடு தோற்றவற்றையும் சேர்க்க வேண்டும். 1996இல் போஸ்னியக் குழந்தைகளுக்காக யுனிசெஃபும் டிசி காமிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து சூப்பர்மேன் படக்கதை ஒன்றைக் கொண்டுவந்தன. மிதிவெடிக்கு அருகே செல்லும் குழந்தைகளைச் சூப்பர்மேன் பறந்து வந்து தூக்கிச் செல்வான். வானிலிருந்து ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்ற எண்ணம் ஆபத்தான நம்பிக்கையாகாதா என்று துறையினர் விமர்சித்தார்கள். ஆப்கானிஸ்தானில் பி.பி.சி. ஒலிபரப்பிய 'புது வீடு, புது வாழ்வு' வானொலித் தொடர் வேறு வழியில் போனது. அங்கே கிராமத்துக் கதைமாந்தர்களே மிதிவெடியைச் சந்தித்தார்கள், கேட்போர் தம் ஊரையே அதில் கண்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசிரியருக்குத் தம் சுவரொட்டியை எப்படி வரைவது என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடக்கில் ஏன்

தமிழில் இந்த நூலகம் அமையுமென்றால் அதற்குரிய இடம் இலங்கையின் வடக்கு. இலங்கை இராணுவமும் விடுதலைப் புலிகளும் அங்கே மிதிவெடிகளைப் புதைத்தார்கள். 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படை புதைத்தவையும் உண்டு. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வந்த, உலோகம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் வெடிகளும் புலிகள் தாமே செய்த 'ஜொனி' மிதிவெடிகளும் ஒரே மண்ணில் கலந்து கிடந்தன. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் வழியாகப் போன முன்னரங்கில் ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்தார்கள். உலகின் மிக நெருக்கமான மிதிவெடி வயல்களில் ஒன்றாக முகமாலை பேசப்படுவது இதனால்தான்.

2002 போர்நிறுத்தத்தோடு மனிதாபிமான அகற்றல் பெரிய அளவில் தொடங்கியது. ஹலோ டிரஸ்ட், மாக், நோர்வே மக்கள் உதவி, இந்தியாவிலிருந்து வந்த சர்வத்ரா, ஹொரைசன் எனப் பல நிறுவனங்கள் வேலை செய்தன. டாஷ், ஷார்ப் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் பின்னர் வளர்ந்தன. 2010இல் தேசியக் கண்ணிவெடி நடவடிக்கை மையம் ஏற்பட்டது. அகற்றும் களங்களில் முழங்காலில் அமர்ந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்களில் கணிசமானோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள் பலர்.

இந்த இருபதாண்டுக்கு மேலான வேலை விட்டுச்சென்ற தாள் ஏராளம். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கோப்பு, கணக்கெடுப்புக் குறிப்பு, அகற்றல் முடிந்ததற்கான சான்றிதழ், ஒப்படைப்புக் கடிதம் என்று அது பெருகியிருக்கிறது. பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. நிலத்துக்கு உரியவரோ தமிழில் கேட்கிறார்: 'என் காணியில எந்த இடம் வரைக்கும் பார்த்தவை? எவ்வளவு ஆழத்துக்குப் பார்த்தவை? கிணறு வெட்டலாமா?' கிராம அலுவலரிடம் போனாலும் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் பதில் ஒரு கோப்பு எண்ணோடு நின்றுவிடக்கூடும். அந்தக் கோப்பு எண்ணிலிருந்து தமிழில் ஒரு பக்க விளக்கம் வரை பாலம் போடுவது வளநூலகம் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள பணி. தமிழக அகதி முகாம்களிலிருந்து ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்களுக்கும் இதே விளக்கம் புறப்படும் முன்பே தேவைப்படுகிறது. அவர்கள் நினைவிலிருக்கும் ஊர், மிதிவெடி புதைபடுவதற்கு முந்திய ஊர்.

தமிழிலேயே உருவான பொருட்கள் இன்னும் அவசரமாகச் சேகரிக்க வேண்டியவை. வன்னியில் வெண்புறா போன்ற அமைப்புகள் நடத்திய ஆபத்துக் கல்வியின் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் நாடகப் பிரதிகளும் இதில் அடங்கும். 2009இன் இடப்பெயர்வில் அவற்றில் எவ்வளவு தப்பியது என்பது வீடு வீடாகக் கேட்டால்தான் தெரியவரும். 1980களிலிருந்து செயற்கைக்கால் செய்துவரும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் மறுவாழ்வு நிலையத்தின் அனுபவம் இன்னொரு பெரிய மூலம். எந்த ஆண்டில், எந்த வயதினர், எந்த வேலையின்போது காலிழந்தார்கள் என்ற கேள்விக்குப் பெயரில்லாத தொகைகளாக அங்கே பதில் கிடைக்கலாம். விறகு பொறுக்கும்போதா, மாட்டைத் தேடிப் போகும்போதா, பழைய இரும்பு சேர்க்கும்போதா என்பது தெரிந்தால் அடுத்த சுவரொட்டி யாரை நோக்கிப் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

படிகளை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பதை யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1981இல் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறு படி இல்லாதவை அத்தோடு போயின. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இன்று ஈழத்து அச்சுப் பொருட்களுக்கு ஒரு காப்பிடமாக இருக்கிறது. வளநூலகத்தின் பொதுப் பகுதியை அங்கேயும் ஒரு பல்கலைக்கழகத்திலும் படியெடுத்து வைப்பது முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டிய வேலை.

பழைய வரைபடம் ஆபத்து

சாதாரண நூலகத்தில் பழைய நூல் இருப்பதால் யாருக்கும் கேடில்லை. இங்கே நிலைமை வேறு. 2004இல் வரைந்த ஒரு வரைபடம் 'ஆபத்து இல்லை' என்று காட்டும் இடத்தில் 2008இல் மறுபடி புதைத்திருக்கலாம். அதை நம்பி நடப்பவர் திரும்பாமல் போகலாம். வெள்ளம் சில வெடிகளை நகர்த்தியிருக்கலாம். ஆகவே வரலாற்றுப் பகுதியும் நடப்புப் பகுதியும் தனித்தனி அறையிலோ தனித்தனி நிற உறையிலோ இருக்க வேண்டும். வரலாற்று வரைபடம் ஒவ்வொன்றின் மேலும் அது வரைந்த தேதியும், இதை வழிகாட்டியாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும். நடப்பு நிலையைக் கேட்பவருக்கு நூலகம் தானே பதில் சொல்லக் கூடாது. தேசிய மையத்திடமோ அங்கே பணிபுரியும் அகற்றும் நிறுவனத்திடமோ கேட்டு எழுத்தில் பெற்றுத் தர வேண்டும். காட்சிப் பெட்டியில் வைப்பவை வார்ப்பு மாதிரிகளாக மட்டுமே இருக்க வேண்டும். யாராவது 'செயலிழந்தது' என்று சொல்லி ஒரு வெடியைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது என்பது திறப்பு நாளுக்கு முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

மனிதர்களைப் பற்றிய ஆவணத்துக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். காலிழந்த குழந்தையின் படம் நன்கொடை திரட்டும், ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து திருமண வயதுக்கு வரும்போதும் அதே படம் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். வாக்குமூலம் தருபவர் யாருக்காகத் தருகிறார், எவ்வளவு காலத்துக்கு, பெயரோடா பெயரின்றியா என்பதைத் தமிழில் எழுதிய படிவத்தில் அவரே தீர்மானிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். வடக்கில் இது இன்னும் நுட்பமானது. யார் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்ற நினைவு பேசுபவரையே சிக்கலில் மாட்டிவிடக்கூடும். சில பதிவுகளைப் பல ஆண்டு மூடி வைப்பதும் நூலகப் பணியே.

அதேசமயம், பாதிக்கப்பட்டவரைச் சான்றாக மட்டும் நிறுத்திவிடுவதும் பிழை. 1997 டிசம்பரில் ஓஸ்லோவில் இயக்கத்தின் சார்பில் நோபல் பரிசைப் பெற்றுக்கொண்டவர் கம்போடியாவின் துன் சன்னரெத். மிதிவெடியில் இரண்டு காலையும் இழந்தவர், சக்கர நாற்காலிகள் செய்பவர், பல நாடுகளுக்குச் சென்று தடைக்காக வாதாடியவர். அவரைப் போன்றவர்களே இந்த இயக்கத்தின் வாதத்தை உருவாக்கியவர்கள். நூலகத்தின் நிர்வாகக் குழுவில் மிதிவெடியால் காயம்பட்டவர்களும் அகற்றும் பணியாளர்களும் இருந்தால், எது தேவையான கோப்பு, எது வெறும் அலங்காரம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விலகும் நாடுகள், நெருங்கும் கெடு

2025இல் லாட்வியா, லித்துவேனியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக முறைப்படி அறிவித்தன. ரஷ்யாவின் அச்சுறுத்தலே காரணம் என்றன. உக்ரைனும் விலகும் முடிவை அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் அமெரிக்கா உக்ரைனுக்கு மிதிவெடி தர ஒப்புக்கொண்டிருந்தது. 1996இல் கேட்ட அதே வாதம், அதாவது எல்லையைக் காக்க மிதிவெடி தேவை என்பது, திரும்பி வந்திருக்கிறது. இதைச் சொல்பவர்களின் அச்சம் பொய்யானதில்லை. ரஷ்யா ஒப்பந்தத்தில் சேராத நாடு, உக்ரைனில் மிதிவெடிகளைப் பரவலாகப் புதைத்திருக்கிறது. ஆகவே பதிலும் பழைய முழக்கமாக இருந்தால் எடுபடாது. அந்த 26 போர்களின் ஆய்வை இன்றைய போர்களின் தரவோடு புதுப்பிக்க வேண்டும். விலகும் நாடுகள் தம் முந்தைய 7ஆம் உறுப்பு அறிக்கைகளில் என்ன சொல்லின, கையிருப்பை அழித்தபோது என்ன காரணம் காட்டின என்பதை எடுத்துவைக்க வேண்டும். ஒப்பந்த நாடுகள் இதுவரை அழித்த கையிருப்பு 5.5 கோடி மிதிவெடிகளைத் தாண்டும். இந்தச் சாதனையின் ஆவணம் யார் கையில் இருக்கிறதோ அவர்களால்தான் அடுத்த கூட்டத்தில் பேச முடியும்.

பணமும் சுருங்குகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் அகற்றும் குழுக்கள் வேலையை நிறுத்த நேர்ந்தது. ஒரே நன்கொடையாளரை நம்பிய திட்டம் நிற்கும்போது அதன் இணையத் தரவுகளும் நின்றுபோகக்கூடும். வளநூலகத்தை உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தோடும் புலம்பெயர்ந்தோரின் சிறு பங்களிப்புகளோடும் பிணைப்பதற்கு இது போதிய காரணம்.

இலங்கை 2017 டிசம்பர் 13இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 2005இலேயே, 7ஆம் உறுப்பு அறிக்கை ஒன்றைத் தானாக முன்வந்து தந்திருந்தது. கையிருப்பின் விவரம் மட்டும் அதில் இல்லை. ஓர் அரசு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் படிக்கப் பழகுபவருக்கு அந்த ஆவணம் நல்ல பாடம். கையிருப்பை அழிக்கும் வேலையை 2021இல் முடித்த இலங்கைக்கு, புதைந்திருப்பவற்றை அகற்ற ஒப்பந்தம் தந்திருக்கும் கெடு 2028 ஜூன் 1.

அந்தக் கெடு நூலகத்துக்கும் கெடுவாகும். அகற்றல் நடக்கும்வரை கோப்பு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இருக்கிறார், அலுவலகம் இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தர ஆள் இருக்கிறார். வேலை முடிந்த நிறுவனம் அலுவலகத்தை மூடும். கோப்புகள் தலைமையகத்துக்குப் போகும் அல்லது கழிவுத் தாளாகும். பெண் பணியாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள், அவர்களின் தொழிலறிவும் கூடவே போகும். சர்வதேச அமைப்புகள் வெற்றி அறிவித்து விலகும் தருணத்தில்தான் ஆவணங்கள் மிக வேகமாகச் சிதறுகின்றன. ஆகவே அறைக்கும் அலமாரிக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. இப்போது களத்தில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனத்தோடும் தேசிய மையத்தோடும், வேலை முடியும் நாளில் எந்தெந்த ஆவணம், எந்த வடிவில், யார் காப்பில் வடக்கிலேயே தங்கும் என்பதை எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். புத்தகங்களைப் பின்னரும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தை 2028க்குப் பிறகு கேட்டுப் பெற அங்கே எவரும் இருக்க மாட்டார்கள்.